பெங்களூருக்கு மூன்று வழி

சென்னையிலிருந்து காரில் பெங்களூரு போகிறவர்களில் பெரும்பாலோர் பிடிப்பது வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வழிதான். ஏறத்தாழ 350 கி.மீ. நெமிலி, சென்னசமுத்திரம், பள்ளிகொண்டா, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி என்று வரிசையாகச் சுங்கச்சாவடிகள். ஆனால் டயர் பஞ்சரானால் அடுத்த ஊரிலேயே கடை இருக்கும். ஆம்பூரில் பிரியாணிக்கு வண்டியை ஓரங்கட்டலாம்.

சித்தூர், முல்பாகல், கோலார் வழி தூரம் கொஞ்சம் குறைவு, நெரிசலும் குறைவு. பலமனேருக்கு முன்னால் வரும் மொகிலி மலைப்பாதை விபத்துக்குப் பேர்போனது. இரவில் அந்தப் பக்கம் போக எனக்கு மனசு வராது.

மூன்றாவது, புது விரைவுச்சாலை. பெங்களூருக்குப் பக்கத்து ஹொஸ்கோட்டே முதல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை வரை 262 கி.மீ., நாலு வழி, மணிக்கு 120 கி.மீ. வேகத்துக்கு வடிவமைத்தது. 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். 2024 கடைசியில் கர்நாடகத்தின் 71 கி.மீ.யில் முதலில் வண்டிகள் ஓடத் தொடங்கின.

இருக்கிற சாலையையே அகலப்படுத்தியிருக்கலாமே என்பவர்கள் ஸ்ரீபெரும்புதூர் – வாலாஜாபேட்டை ஆறுவழிப் பணியைப் பார்க்க வேண்டும். ஓடுகிற போக்குவரத்தை நிறுத்தாமல் வேலை செய்தாக வேண்டும். பாலம் பாதியில் நிற்கும், அதன் காலடியில் சர்வீஸ் ரோடு குண்டும் குழியுமாகக் கிடக்கும், மழை பெய்தால் லாரிக்குப் பின்னால் லாரி ஊர்ந்து போகும். சாலை இருந்த லட்சணத்தைப் பார்த்து, இந்தத் தடத்தில் பாதிக் கட்டணம் மட்டும் வசூலித்தால் போதும் என்று 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது.

புதுத் தடத்தில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே சுமை விவசாயி தலையில். ஏரியும் நெல்வயலுமான காஞ்சிபுரம் – அரக்கோணம் பக்கம் ஒருவர் நிலத்தைச் சாலை இரண்டாகப் பிளந்தால், எதிரே தெரியும் தன் வயலுக்கு மாட்டை ஓட்டிப்போக அவர் சுரங்கப்பாதை வரை சுற்ற வேண்டும். இழப்பீட்டுக் கணக்கில் இந்தச் சுற்று வராது.

ஆனாலும், நேரே ஊர்போய்ச் சேர வேண்டியவருக்குப் புதுச்சாலைதான் என் ஓட்டு. வேலூரிலோ ஓசூரிலோ வேலை இருப்பவருக்கு அதனால் பயனில்லை. நினைத்த இடத்தில் ஏறி இறங்க முடியாது. அப்புறம், 120-இல் பறந்து வந்தாலும் சாயங்காலம் இருங்காட்டுக்கோட்டையில் இறங்கினால், கம்பெனி பஸ்களுக்குப் பின்னால் பூந்தமல்லி வரை பழைய சாலையில்தான் நகர வேண்டும்.