துபாய் பில்லா, சென்னை பில்லா: விலை உயர்ந்த வாட்ச்சை எங்கே வாங்குவது?

துபாயில் வாட்ச் மலிவு என்பது பாதி உண்மை. கடையில் மலிவுதான். சென்னை விமான நிலையத்தில் சுங்க மேசையைத் தாண்டுவதற்குள் அந்த மலிவு கரைந்துவிடும். வரிக்கு முந்தைய விலை இரண்டு ஊரிலும் 5,00,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

துபாயில் 5% வாட் (மதிப்புக் கூட்டு வரி) சேர்ந்து பில் 5,25,000. ஊர் திரும்பும் சுற்றுலாப் பயணிக்கு வாட் தொகை 25,000 முழுதாகத் திரும்பாது. 87% மட்டுமே கிடைக்கும், அதிலும் 4.80 திர்ஹாம் கட்டணம் கழியும். கைக்கு வருவது 21,600 சொச்சம். 3.5% அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடிக்கிற கிரெடிட் கார்டில் பணம் கட்டியிருந்தால், அந்தக் கட்டணமும் அதற்கான 18% ஜிஎஸ்டியும் சேர்ந்து அதே 21,600-ஐ விழுங்கிவிடும். ‘ரூபாயில் பில் போடட்டுமா?’ என்று கடைக்காரர் கேட்டதற்குத் தலையாட்டினால் இன்னும் மோசம். எப்போதும் திர்ஹாமிலேயே கட்டுங்கள்.

அடுத்தது சுங்கம். இந்தியாவில் வசிப்பவருக்கு வரியில்லா வரம்பு 2026 பிப்ரவரியில் 50,000-லிருந்து 75,000 ஆனது. அதற்கு மேல் உள்ள மதிப்புக்கு 38.5%. கணவன், மனைவி வரம்புகளை ஒரே வாட்ச்சுக்குச் சேர்த்துக் காட்ட முடியாது. திரும்பக் கிடைத்த வாட்டைக் கழித்த மதிப்பை அதிகாரி ஏற்றாலும் வரி சுமார் 1,64,900 வரும். கார்டு கட்டணமும் சேர்த்து மொத்தச் செலவு 6,90,000-ஐ நெருங்கும்.

சென்னைக் கடைக்காரர் கட்டுவது 20% அடிப்படைச் சுங்கமும் அதன்மேல் சமூக நலக் கூடுதல் வரியும், ஆக 22%. விகிதத்தைவிட முக்கியமானது, அது எந்த விலைக்குப் போடப்படுகிறது என்பது. கடைக்கு மொத்த இறக்குமதி விலைக்கு வரி, உங்களுக்குச் சில்லறை விலைக்கு வரி. இறக்குமதி விலை 3,00,000 என்றால் சுங்கம் 66,000. அதை அப்படியே விலையில் ஏற்றி 18% ஜிஎஸ்டியும் போட்டால் 6,67,880. பேரம் பேசும் முன்பே 22,000 குறைவு. சென்னையில் ஒரு பைசாகூடக் குறைக்காமல் துபாயில் 3–4% தள்ளுபடி தந்தால்தான் இரண்டும் சமமாகும்.

இந்த இடைவெளி இனி விரியவே வாய்ப்பு. 2025 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்தியா–எஃப்டா (சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளின் வர்த்தகக் கூட்டமைப்பு) ஒப்பந்தப்படி சுவிஸ் வாட்ச்சுகளின் இறக்குமதி வரி படிப்படியாக இறங்குகிறது. பயணியின் பெட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. பத்து லட்சத்துக்கு மேல் வாங்கினால் இங்கே 1% டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதை ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பதால் அதைச் செலவாக எண்ண வேண்டாம்.

மற்ற ஊர்களிலும் கதை இதேதான், எண்கள்தான் வேறு. சிங்கப்பூர் ஜிஎஸ்டி 9%, சுவிட்சர்லாந்து வாட் 8.1%, ஹாங்காங்கில் விற்பனை வரியே இல்லை. பிரான்ஸில் 20% என்றாலும் கைக்கு வருவது சுமார் 12% தான். லண்டனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்: கடையில் வாங்கிக் கையோடு கொண்டுவரும் பயணிகளுக்கு வாட் திருப்பித் தருவதை பிரிட்டன் 2021-இல் நிறுத்திவிட்டது. ஜப்பானில் இதுவரை கடையிலேயே 10% கழித்தார்கள். 2026 நவம்பர் 1 முதல் முழு விலை கட்டி, புறப்படும்போது திரும்பப் பெற வேண்டும்.

அப்படியானால் வெளிநாட்டில் வாங்கி யாருக்கு லாபம்? 75,000-க்குள் அடங்கும் சீகோ, டிஸ்ஸோ வாங்குபவருக்கு நிச்சயமாக உண்டு. ஜப்பானிய உள்நாட்டு மாடலுக்கு வாரண்டி அந்த நாட்டோடு முடியலாம், அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள். அங்கேயே வேலை பார்த்து, வாட்ச்சை அங்கேயே கட்டிக்கொள்பவருக்கும் லாபம்தான், ஆனால் சுற்றுலாப் பயணிக்குத் திருப்பித் தரும் வரி அவருக்குக் கிடைக்காது. ரோலெக்ஸ் தேடிப் போகிறவர்களுக்கு விலை பிரச்சினையே அல்ல. பெயர் தெரியாத பயணிக்குப் பிரபல மாடலை எடுத்துக் கொடுக்கும் கடை அபூர்வம்.

வரியைத் திரும்பப் பெறுவதில் பலர் இடறுவது எதை முதலில் செய்வது என்பதில்தான். வாட்ச் பெட்டியைச் செக்-இன் பையில் போட்டு அனுப்பிவிட்டுக் கவுண்டருக்குப் போனால், பொருளைக் காட்டு என்பார்கள். முதலில் சுங்க ஒப்புதல், பிறகு செக்-இன். பாரிஸில் வாங்கி சூரிச் வழியாகத் திரும்பினால், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் இடத்திலேயே பிரெஞ்சுப் படிவத்துக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை.

பெட்டியைத் தூக்கிப்போட்டு, புது வாட்ச்சைக் கையில் கட்டிக்கொண்டு, சுங்கத்தில் காட்ட எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடப்பது சேமிப்பு அல்ல. பிடிபட்டால் பறிமுதல், மீட்புத் தொகை, அபராதம், அதற்கு மேல் வரி. ஏற்கெனவே வைத்திருக்கும் விலை உயர்ந்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டு வெளிநாடு போகிறவர்கள், புறப்படும்போதே சுங்கத்தில் வரிசை எண்ணைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய பில்லையும் கைவசம் வைத்திருங்கள்.