ஆர்பெஜியோ கோர்ஸ்: 4-ஆம் பாடம் முடிந்ததும் நேராக 31-க்குப் போங்கள்

மூன்று மாதமாக ஒரு ஆன்லைன் பேஸ் கிட்டார் கோர்ஸ் பார்க்கிறேன். ஆர்பெஜியோ மட்டும்தான், 36 வீடியோ, 1,800 ரூபாய். திட்டவும் போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம்.

ஆர்பெஜியோ என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கார்டில் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) இருக்கிற ஸ்வரங்களைச் சேர்த்து அடிக்காமல் ஒவ்வொன்றாக வாசிப்பது. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு ச-க-ப-ச என்றால் போதும்: அந்தர காந்தாரம் போட்டால் மேஜர், சாதாரண காந்தாரம் போட்டால் மைனர். இதைச் சொல்ல முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறார்கள், நான் வேகத்தைக் கூட்டி ஓட்டிவிட்டேன்.

ஆனால் 4-ஆம் பாடம் அருமை. சி மேஜர்: ஏ தந்தியில் 3-ஆம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் குறுக்கே இருக்கும் கம்பி) நடுவிரல், டி தந்தியில் 2-இல் ஆட்காட்டி விரல், அதே தந்தியில் 5-இல் சுண்டுவிரல். இதுவரை யாரும் சொல்லித்தருவார்கள். அடுத்து வரும் மேல் சி, ஜி தந்தியில் அதே 5-ஆம் ஃப்ரெட்டில் இருக்கிறது, வம்பே அங்கேதான். சுண்டுவிரலைத் தூக்கி வைத்தால் நடுவில் சத்தம் அறுந்துபோகும், இரண்டு தந்தியையும் சேர்த்து அழுத்தினால் கொழகொழவென்று ஆகிவிடும். நுனியில் ஆரம்பித்து விரலைப் படுக்கும்படி உருட்ட வேண்டும், உருட்டும்போதே நுனி அழுத்தத்தை விட வேண்டும், ஆனால் டி தந்தியைத் தொட்டபடியே இருக்க வேண்டும், அப்போதுதான் அது வாயை மூடும். கேமராவைக் கிட்டத்தில் வைத்து, மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை நிமிடத்துக்கு 50 தட்டு வேகத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். ஐந்து வருடமாக நான் தப்பாக வாசித்தது அன்றுதான் தெரிந்தது. ஒரு வாரம் சுண்டுவிரல் வலித்தது, சரி, போகட்டும்.

5 முதல் 30 வரை அதே வடிவங்களை 12 ரூட்டிலும் (ரூட் என்றால் கார்டின் ச) ஏற்றி இறக்குவதுதான். விரல் நன்றாக ஓட ஆரம்பித்த தைரியத்தில் நண்பனோடு உட்கார்ந்தேன். அவன் டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 என்று போட, நான் ஒவ்வொரு கார்டுக்கும் ரூட்டுக்கு ஓடி ஓடி ஏறினேன். "என்னடா, வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்கு" என்றான்.

அதற்கு மருந்து 31-இல் இருக்கிறது. டி மைனர் 7-இன் கடைசி ஸ்வரம் சி, ஜி தந்தியில் 5-ஆம் ஃப்ரெட். ஜி 7 வரும்போது ரூட்டைத் தேடாமல் ஒரே ஒரு ஃப்ரெட் இறங்கினால் பி, ஜி-யை ச என்று வைத்தால் அதுதான் ஜி 7-இன் காந்தாரம். அப்புறம் ஜி 7-இன் எஃப், டி தந்தியில் 3. ஒன்று இறங்கினால் ஈ, சி மேஜர் 7-இன் காந்தாரம். கை இருந்த இடத்திலேயே இருக்கிறது, கார்டு மாறிவிடுகிறது! இளையராஜா பாட்டுகளில் பேஸ் தனி மெட்டாக ஓடுவதை இத்தனை நாள் வாய் பிளந்து கேட்டதோடு சரி, இப்போதுதான் அது எந்த ஸ்வரத்தில் போய் இறங்குகிறது என்று காது தேடுகிறது. இதை 5-ஆம் பாடமாக வைத்தால் என்ன குறைந்துவிடும்?

போன் ஸ்பீக்கரில் பார்க்காதீர்கள், ஈ தந்தியைத் திறந்து வாசித்தால் சுமார் 41 ஹெர்ட்ஸ், அந்த அடி நாதம் போனில் வராது. ஹெட்ஃபோன் வேண்டும். சந்தேகம் கேட்டு இரண்டு முறை மெயில் போட்டேன், இரண்டுக்கும் "12-ஆம் பாடத்தைப் பார்க்கவும்" என்றே பதில். ஒரு வருடம் ஆனால் வீடியோக்கள் பூட்டிக்கொள்ளுமாம், 31-ஐ மட்டும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.