சிவப்பு விளக்கு அருமை, பொத்தான்தான் வில்லன்

நெற்றியில் மாட்டிக்கொள்ளும் இந்த டார்ச்சில் சிவப்பு விளக்கும் இருக்கிறது. அதற்காகத்தான் வாங்கினேன். கடலில் மினுங்கும் நீலத்தையும் வானத்தின் மங்கிய ஒளிகளையும் தேடிப் போகிறவனுக்கு வெள்ளை வெளிச்சம் பரம எதிரி. கண் இருட்டுக்கு நன்றாகப் பழக அரை மணி நேரமாவது பிடிக்கும். கெடுவதற்குச் சில நொடிகள் போதும். மங்கிய ஒளியைப் பிடிக்கும் கோல் செல்கள் அடர் சிவப்பை அவ்வளவாக உணராததால் மங்கிய சிவப்பு விளக்கில் அந்தப் பழக்கம் அதிகம் கலையாது.

முதல் இரவே வயிற்றெரிச்சல். நிலா இல்லை. சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரத்தில், மேற்கே இராசி ஒளி சாய்ந்த கூம்பாக எழுந்து நின்றது. கோள்களுக்கிடையே உள்ள தூசியில் பட்டுச் சிதறும் வெயில்தான் அது. ஊர் வெளிச்சம் சற்றே எட்டிப் பார்த்தாலும் காணாமல் போய்விடும். நட்சத்திர வரைபடத்தைப் பார்க்கலாமென்று பொத்தானை அழுத்தினேன். பளீரென்று வெள்ளை! சிவப்பு வேண்டுமானால் இன்னொரு முறை அழுத்த வேண்டுமாம். இதை வடிவமைத்தவர் ஒருநாளாவது இருட்டில் நின்றிருப்பாரா? மறுபடி நிமிர்ந்தபோது கூம்பு நின்ற இடத்தில் வெறும் கருப்பு. "அண்ணா, அதைக் கழற்றிப் பைக்குள் போடுங்கள்" என்றான் தம்பி.

சிவப்பில் குறை சொல்ல முடியாது. குறைந்த அளவில் வைத்தால் காலடியில் பாறை எது, பள்ளம் எது என்று தெரிகிறது. அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஈர மணலில் பாதத்தை மெல்ல இழுத்தேன். விரல்களுக்குப் பின்னால் நீலப் பொறிகள் தெறித்து அணைந்தன. நாக்டிலூகா போன்ற ஒற்றைச் செல் உயிரிகள், நீர் கலங்கினால் லூசிஃபெரின் என்ற வேதிப்பொருளின் வினையால் நொடியில் பத்திலொரு பங்கு நேரம் மின்னும். குறைந்த சிவப்பில் அந்தப் பொறிகள் தப்பித்தன. அளவைக் கூட்டியதும் மணல் மட்டுமே தெரிந்தது. ஒரு வேடிக்கை: வரைபடத்தில் சிவப்பு மையில் இருந்த கோடுகளெல்லாம் இந்த வெளிச்சத்தில் மாயமாகிவிட்டன.

வானொளிர்வை, அதாவது இரவில் வளிமண்டலம் தானே விடும் மங்கிய ஒளியை, படமெடுக்கும் நண்பர்களுக்கும் இது பயன்படும். சுமார் 95 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் 557.7 நானோமீட்டரில் விடும் அந்தப் பச்சை, வெறும் கண்ணுக்குச் சாம்பல் பூச்சாகத்தான் தெரியும்; கேமராவில்தான் நிறம் வரும். ஆனால் பக்கத்தில் ஒருவர் கேமராவின் ஷட்டரைத் திறந்து வைத்திருக்கும்போது இந்தப் பொத்தானைத் தொட்டால் நட்பு முறியும்.

ஐந்துக்கு மூன்று. வெள்ளை பல்பின் மேல் கருப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று ஒட்டிவிட்டேன். இப்போது முதல் அழுத்தலுக்கு எதுவும் தெரிவதில்லை, இரண்டாவதற்குச் சிவப்பு. உப்புக்காற்றில் டேப்பின் ஒரு முனை அதற்குள் உரியத் தொடங்கியிருக்கிறது.