ஹைபர்னேட் இன்ஹெரிட்டன்ஸும் ஃபாரின் கீ பிழைகளும்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கட்டண வசூல் தொடர்பான மென்பொருள் ஒன்றில் ஹைபர்னேட்டையும் (ஜாவா ஆப்ஜெக்ட்களை டேட்டாபேஸ் டேபிள்களோடு இணைக்கும் கருவி) போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸையும் பல ஆண்டுகளாகச் சேர்த்துப் பயன்படுத்தி வருகிறேன். பேமென்ட் என்பது தாய் என்டிட்டி, அதாவது டேட்டாபேஸில் சேமிக்கப்படும் கிளாஸ். கார்டு பேமென்ட், பேங்க் டிரான்ஸ்ஃபர் ஆகியவை அதன் சேய் என்டிட்டிகள். இவற்றைச் சுட்டும் ரசீது என்ற டேபிள் தனியாக இருக்கிறது. ஃபாரின் கீ என்பது, ஒரு டேபிள் சுட்டும் எண் இன்னொரு டேபிளில் இருந்தாக வேண்டும் என்ற கட்டுப்பாடு. இன்ஹெரிட்டன்ஸால் (தாய்-சேய் கிளாஸ் உறவால்) வரும் ஃபாரின் கீ பிழைகளில் பெரும்பாலானவற்றை இந்த எளிய அமைப்பிலேயே பார்த்துவிட முடியும். என் பரிந்துரை இதுதான்: ஜாயின்டு முறையைத் தேர்ந்தெடுங்கள், ஸ்கீமாவை (டேபிள்களின் அமைப்பை) மாற்றும் பொறுப்பை மட்டும் ஹைபர்னேட்டிடம் விடாதீர்கள்.

2006ஆம் ஆண்டு வெளிவந்த முதல் ஜேபிஏ (ஹைபர்னேட் பின்பற்றும் ஜாவா தரநிலை) வரையறையிலிருந்தே சிங்கிள் டேபிள் (எல்லா வகைகளும் ஒரே டேபிளில்), ஜாயின்டு (பொதுவானவை தாய் டேபிளில், மற்றவை சேய் டேபிளில்), டேபிள் பெர் கிளாஸ் (ஒவ்வொரு கிளாஸுக்கும் தனி டேபிள்) என்ற மூன்று முறைகள் இருக்கின்றன. டேபிள் பெர் கிளாஸ் முறையில் ஒவ்வொரு சேய் கிளாஸின் வரிசைகளும் அதனதன் டேபிளிலேயே முழுமையாக இருப்பதால், ரசீதின் ஃபாரின் கீ சுட்டுவதற்கு ஒரு பொது டேபிள் கிடையாது. யாராவது கைப்பட அந்தக் கட்டுப்பாட்டைப் பேமென்ட் டேபிளின்மீது எழுதிவைத்தால், கார்டு பேமென்டுக்கான ரசீதைச் சேர்க்கும்போதெல்லாம் 23503 என்ற ஃபாரின் கீ மீறல் பிழை வரும். போஸ்ட்கிரெஸ்ஸுக்கே உரிய டேபிள் இன்ஹெரிட்டன்ஸிலும் இதே குறைபாடு உண்டு. தாய் டேபிளைச் சுட்டும் ஃபாரின் கீ, சேய் டேபிள்களின் வரிசைகளைப் பார்ப்பதில்லை.

சிங்கிள் டேபிள் முறையில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒரு ரசீது கார்டு பேமென்டை மட்டுமே சுட்ட வேண்டும் என்பதை அங்கே ஃபாரின் கீயால் உறுதிசெய்ய முடியாது. தவறான வகை உள்ளே நுழைந்தால் எழுதும்போது எதுவும் தெரியாது. பின்னர் படிக்கும்போதுதான் ராங் கிளாஸ் எக்ஸெப்ஷன் வரும்.

ஜாயின்டு முறையில் சேய் டேபிளின் பிரைமரி கீயே (ஒவ்வொரு வரிசையின் தனித்த அடையாள எண்) தாய் டேபிளைச் சுட்டும் ஃபாரின் கீயாகவும் இருக்கிறது. இதில் நான் பார்த்தவற்றுள் மிகவும் குழப்பிய பிழையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ரசீது கிளாஸ் கார்டு பேமென்டை மட்டுமே சுட்டியது. ஆகவே கட்டுப்பாடும் கார்டு பேமென்ட் டேபிளின்மீதே உருவாகியிருந்தது. பின்னர் வங்கிப் பரிமாற்றங்களுக்கும் ரசீது தேவைப்பட்டதால், அந்த உறவு தாய் கிளாஸான பேமென்டுக்கு மாற்றப்பட்டது. ஹைபர்னேட்டின் தானியங்கி ஸ்கீமா அப்டேட், புதிய கட்டுப்பாட்டைச் சேர்த்துவிட்டுப் பழையதை அப்படியே விட்டுவிட்டது. பழைய கட்டுப்பாடுகளை நீக்குவது அதன் வேலையே அல்ல. அதன்பின் வங்கிப் பரிமாற்றத்துக்கான ஒவ்வொரு ரசீதும் நிராகரிக்கப்பட்டது. ஜாவா நிரலை எத்தனை முறை படித்தாலும் அதில் தவறு தென்படாது. பேமென்ட் டேபிளிலும் அந்த எண் இருக்கும். பிழைச்செய்தியின் விவரப் பகுதியை நிதானமாகப் படித்தால்தான், அந்த எண் இல்லை என்று போஸ்ட்கிரெஸ் சொல்வது கார்டு பேமென்ட் டேபிளைப் பற்றி என்பது புலப்படும்.

இப்படிப்பட்ட நேரத்தில் கட்டுப்பாட்டின் பெயர் மிகவும் கைகொடுக்கும். ஹைபர்னேட் தானாக வைக்கும் பெயர், எஃப்கே என்ற எழுத்துகளுக்குப் பின்னால் பொருளற்ற எழுத்துக் கோவையாக இருக்கும். ஜேபிஏ 2.1 முதல் ஜாயின் காலம், பிரைமரி கீ ஜாயின் காலம் (காலம் என்பது டேபிளின் நெடுவரிசை) ஆகிய நிரல் குறிப்புகளிலேயே ஃபாரின் கீயின் பெயரைக் கொடுக்க முடிகிறது. எந்த டேபிளிலிருந்து எந்த டேபிளுக்கு என்பது பெயரிலேயே தெரிந்தால், லாக் பார்க்கிறவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். ஸ்கீமா மாற்றங்களை ஃப்ளைவே போன்ற கருவியில் எழுதி, ஹைபர்னேட்டைச் சரிபார்க்க மட்டும் செய்யும் வேலிடேட் நிலையில் வைத்திருப்பது நல்லது. ஆனால் அந்தச் சரிபார்ப்பு டேபிள்கள், காலம்கள் போன்றவற்றைத்தான் பார்க்கும். எஞ்சிப்போன ஃபாரின் கீயைக் கண்டுபிடிக்காது. அதை நாமேதான் போஸ்ட்கிரெஸ்ஸின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் தேட வேண்டும்.

நீக்கும்போது வரும் பிழைகள் வேறு வகை. ஹெச்கியூஎல் (ஹைபர்னேட்டின் வினவல் மொழி) வழியாக மொத்தமாக நீக்கினால், தாய், சேய் டேபிள்கள் இரண்டிலிருந்தும் ஹைபர்னேட் சரியாகவே நீக்கும். ஆனால் கேஸ்கேட் குறிப்புகள் (ஒன்றை நீக்கினால் சார்ந்தவற்றையும் நீக்கச் சொல்பவை) அங்கே செயல்படாததால், ரசீதுகள் எஞ்சியிருந்தால் பிழை வரும். நேரடி எஸ்கியூஎல் எழுதினால் சேய் டேபிளை முதலில் காலிசெய்ய வேண்டியதும் நம் பொறுப்பே.

மையெஸ்கியூஎல் டேட்டாபேஸைப் பயன்படுத்துவோர் 1451, 1452 ஆகிய பிழை எண்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம். முதலாவது நீக்கும்போதும் இரண்டாவது சேர்க்கும்போதும் வருவது. ஃபாரின் கீயே உருவாகவில்லையென்றால், ஒருபக்கம் இன்ட், மறுபக்கம் பிக்இன்ட் என்று காலம்களின் எண் வகை மாறி இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

ஜாயின்டு முறையிலும் ஓர் ஓட்டை உண்டு: ஒரே எண் கார்டு பேமென்டிலும் பேங்க் டிரான்ஸ்ஃபரிலும் ஒருசேர இருப்பதை அதன் ஃபாரின் கீ தடுக்காது. பழைய தரவை வெளியிலிருந்து ஏற்றும்போது இது உண்மையாகவே நடக்கிறது. தாய் டேபிளிலும் சேய் டேபிள்களிலும் வகைக்கான காலம் ஒன்றைச் சேர்த்து, எண்ணையும் வகையையும் இணைத்த ஃபாரின் கீயும், சேய் டேபிளில் வகையை நிலைப்படுத்தும் செக் கட்டுப்பாடும் எழுதினால் அந்த ஓட்டை அடைபடும். தாய் டேபிளில் அவ்விரண்டு காலம்களுக்கும் சேர்த்து ஒரு யுனீக் கட்டுப்பாடு தேவைப்படும்; அதற்கென ஓர் இன்டெக்ஸும் உருவாகும். பணம் சார்ந்த டேபிள்களில் அந்தக் கூடுதல் இன்டெக்ஸின் செலவை நான் தயங்காமல் ஏற்கிறேன்.