மூளை ரத்தநாள வீக்கத்துக்குப் பிறகு விமானி தகுதிச் சோதனை: பிரிக்பீல்ட்ஸ் கிளினிக் ஒன்றின் சேவை

என் தம்பி துணை விமானி. ஓயாத தலைவலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில், அவனுடைய மூளை ரத்தநாளத்தில் வெடிக்காத வீக்கம் ஒன்று இருப்பது தெரிந்தது. தொடை நாளத்தின் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பிளாட்டினச் சுருள்களால் அதை அடைத்தார்கள். எட்டு மாதம் கழித்து, தொழில்முறை விமானிகளுக்குக் கட்டாயமான முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழைத் திரும்பப் பெற வழி உண்டா என்று கேட்கப் போன முதல் கிளினிக்கில், கோப்பைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வேறு வேலை தேடிக்கொள்ளச் சொன்னார்கள். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள இந்தக் கிளினிக்கில் டாக்டர் ஒரு மணி நேரத்துக்கு மேல் எங்களுக்காக ஒதுக்கினார். மூளை ரத்தநாளங்களைக் காட்டும் ஆஞ்சியோகிராம் படத்தைத் திரையில் பெரிதாக்கி, சுருள்கள் நாளடைவில் அமுங்கினால் வீக்கத்தின் கழுத்துப் பகுதியில் ரத்தம் மறுபடி புகக்கூடும் என்பதை விளக்கி, அந்த இடத்தைத் தம்பிக்கே விரல் வைத்துக் காட்டினார். பிறகு ஒரு கண்ணை மூடச் சொல்லி, தம் விரலைக் காதோரத்திலிருந்து மெல்ல முன்னே கொண்டுவந்து, அது எப்போது கண்ணில் படுகிறது என்று நான்கு திசையிலும் சோதித்தார்.

வீக்கம் வெடித்து ரத்தம் கசிந்திருந்தாலோ, மண்டையோட்டைத் திறந்து வீக்கத்தின் கழுத்தை இறுக்கும் கிளிப் போட்டிருந்தாலோ வலிப்பு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், சிகிச்சை எந்த முறையில் நடந்தது என்பதை அவர் துருவித் துருவிக் கேட்டார். ரத்தநாளத்துக்குள் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்தார்களா, ரத்தத் தட்டணுக்களைக் கட்டுப்படுத்தும் மாத்திரை தொடர்கிறதா என்பதையும் விடவில்லை. இதே நிலையில் உள்ள 100 விமானிகளில் ஓராண்டுக்குள் ஒருவருக்கு மேல் திடீரெனச் செயலிழக்கக்கூடும் என்றால், இருவர் ஓட்டும் விமானத்துக்குக்கூட அது அதிகம் என்பதே பல நாடுகள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் அளவுகோல் என்று அவர் சொன்னபோதுதான், இவ்வளவு கேள்விகள் எதற்கு என்பது எனக்கு விளங்கியது.

“தம்பி, சோதித்து எழுதுவது என் வேலை, முடிவு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் மருத்துவ மதிப்பீட்டாளருடையது,” என்றார். பொய்யான நம்பிக்கை தராத அந்த நேர்மைக்காகவே இந்த இடத்தைப் பரிந்துரைக்கிறேன். சான்றிதழ் கிடைத்தாலும், இன்னொரு தகுதியுள்ள விமானி உடனிருந்தால் மட்டுமே பறக்கலாம் என்ற கட்டுப்பாடு வரலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

குறை ஒன்று உண்டு. சிகிச்சை செய்த நிபுணரின் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைத் தொலைபேசியில் பதிவு செய்தபோதே சொல்லியிருக்கலாம். அதற்காக மறுபடி மருத்துவமனைக்கு அலைய நேர்ந்தது. காரை நிறுத்த இடம் கிடைப்பது அரிது, கே.எல். சென்ட்ரல் வரை ரயிலில் வந்து நடப்பது மேல். போகிறவர்கள், சிகிச்சை நடந்த தேதி, வலிப்பு வந்ததா இல்லையா, இப்போதைய மருந்துகள், அடுத்த ஆஞ்சியோகிராம் எப்போது ஆகிய நான்கையும் நிபுணரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.