சாயல்குடி ரோட்டில் ஆளில்லாத கருப்பட்டிக் கடை

சாயல்குடியைத் தாண்டி ஏர்வாடி போகிற வழியில் ரோட்டோரம் ஒரு ஓலைக் கொட்டகை. கருப்பட்டி, சுக்குக் கருப்பட்டி, கொட்டான் என்கிற ஓலைப் பெட்டி எல்லாம் அடுக்கியிருக்கும். ஆள் மட்டும் இருக்காது. விலை எழுதின சிலேட்டு, ஒரு தராசு, மூடியில்லாத எவர்சில்வர் தூக்கு. வேண்டியதை எடுத்துக்கொண்டு பணத்தைத் தூக்கில் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். மீதியையும் அதிலிருந்து நாமே எடுத்துக்கொள்ளலாம்.

நான் பிஸ்கட் லைன் சேல்ஸ்மேன். தொண்டியிலிருந்து நரிப்பையூர் வரை என் ஏரியா. கேமராவோ, ‘கடன் அன்பை முறிக்கும்’ பலகையோ இல்லாத கடையை விரல்விட்டு எண்ணிவிடலாம். அஞ்சல்வழியில் எம்.ஏ. தத்துவம் படித்தபோது ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸ் எனக்குச் சட்டென்று பிடிபட்டதற்கு இந்தத் தொழிலும் ஒரு காரணம். 1651இல் வந்த ‘லெவியதான்’ நூலில் கேட்பார்: சட்டம் இருந்தும் படுக்கப் போகும்போது கதவைப் பூட்டுகிறாயே, ஊராரைப் பற்றி என்ன நினைக்கிறாய்? வீட்டுக்குள்ளேயே பெட்டியைப் பூட்டுகிறாயே, பெற்ற பிள்ளைகளைப் பற்றி என்ன நினைக்கிறாய்? இதனால் மனித இயல்பைக் குற்றம் சொல்லவில்லை, ஆசைகள் தம்மளவில் பாவமல்ல என்றும் அவரே எழுதியிருக்கிறார். அந்த வரியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

கொட்டகைக்குப் பின்னால் கொஞ்சம் நடந்தால் விடிலி, பதநீர் காய்ச்சும் குடிசை. கடைக்கார அண்ணன் பனையேறப் போயிருந்தார். அவர் வீட்டு அக்கா பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். கொதி அடங்கிப் பாகு கனத்து வந்ததும், துடுப்பில் ஒரு சொட்டெடுத்துத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்த்தார். பிறகு சிரட்டைகளில் ஊற்றினார். “யாராவது சும்மா எடுத்துட்டுப் போயிட்டா என்னக்கா செய்வீங்க?” என்றேன்.

“எடுக்குறவன் எடுக்கத்தான் செய்வான் தம்பி. அவனுக்காக வர்றவன் பூராத்தையும் கள்ளன்னு நெனச்சு அங்க காவல் இருந்தா இந்த அடுப்ப யாரு பாக்குறது? ஒருநா கொறையும், ஒருநா கூடயே கெடக்கும்.”

கூடக் கிடக்கும் அந்தக் காசுக்கு ஹாப்ஸிடம் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. கி.மு. 4ஆம் நூற்றாண்டுச் சீனத்துத் தத்துவவாதி மென்சியஸிடம் கிடைத்தது. கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் கண்டால் எவருக்கும் நெஞ்சு பதறும், நல்ல பேர் வாங்குவதற்காக அல்ல என்றார் அவர். அது வெறும் முளைதான், பேணாவிட்டால் பட்டுப்போகும் என்பதும் அவர் சொன்னதே. அவருக்குப் பின் வந்த இன்னொரு சீனத் தத்துவவாதி சுன் சி இதை மறுத்தார்: மனித இயல்பு கெட்டது, கோணல் மரத்தை ஆவி காட்டி நிமிர்த்துவதுபோல அதை நிமிர்த்த வேண்டும். இந்தக் கடையில் இருவருக்கும் இடமிருக்கிறது. விலையெல்லாம் 50, 100, 200 என்று முழு ரூபாய். ‘சில்லறை இல்லை’ என்ற சாக்குக்கே வழியில்லை. சுன் சி மெச்சியிருப்பார். ஆனால் என் மனசு மென்சியஸ் பக்கம்தான்.

தராசு எதற்கென்றால், பொட்டலத்தின் எடையை நாம் சரிபார்க்க. இது எனக்கு ரொம்பப் பிடித்தது. நம்பிக்கையை நம்மிடம் மட்டும் கேட்கவில்லை, தங்களையும் சோதித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சீனி கலந்த கருப்பட்டி மலிந்த காலம் இது. இங்கே வாங்கியதை உடைத்துப் பார்த்தேன்: உள்ளே பளபளப்பு இல்லை, மங்கிய கறுப்பு, லேசான கரிப்பு. காப்பிக்கு அருமை. சுக்குக் கருப்பட்டியில் மட்டும் ஏலக்காய் தூக்கல்.

குறை என்றால், கொட்டான்களுக்கு விலை எழுதவில்லை. விடிலி வரை போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. ஜிபே கிடையாது, ரொக்கம் கொண்டுபோங்கள். பதநீர் சீசன் முடிந்தால் சரக்கு குறைந்துவிடும். ஆடிக்குள் போய்விடுவது நல்லது.