நாகசாகியில் ஒரு நாள்: டிராம் வண்டியா, வாடகைக் காரா?

நாகசாகியைச் சுற்ற ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால், காலையில் டிராம், மதியத்துக்கு மேல் கார். நாள் முழுக்க காரை வைத்துக்கொள்வது காசுக்குக் கேடு.

ஊரின் வாகு அப்படி. துறைமுகத்தைச் சுற்றி மலை, நடுவில் ஒடுங்கிய சமதளம். பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் அந்தச் சமதளத்திலேயே, 1915 முதல் ஓடும் டிராம் பாதையை ஒட்டியே இருக்கின்றன. அமைதிப் பூங்கா, 1945 ஆகஸ்ட் 9 அன்று 11:02-க்கு குண்டு வெடித்த இடத்தைக் காட்டும் கரிய கல்தூண், டச்சு வணிகர்களைத் தனியே ஒதுக்கி வைத்திருந்த தெஜிமா, எல்லாமே டிராமிலிருந்து இறங்கி நடக்கிற தூரம். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். பின்கதவில் ஏறி, இறங்கும்போது ஓட்டுநர் பக்கத்துப் பெட்டியில் காசு போட்டால் போதும்.

மலைச்சரிவில் பழைய மேற்கத்திய வணிகர்களின் வீடுகள் நிற்கும் குளோவர் தோட்டத்துக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. 5-ஆம் தடத்தின் கடைசி நிறுத்தமான இஷிபாஷியில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால், மலைச்சரிவோடு சாய்வாகவே ஏறும் லிப்ட். இலவசம். உள்ளூர்க்காரர்கள் வீட்டுக்குப் போக ஏறும் அதே லிப்டில் ஏறி, தோட்டத்தின் மேல்வாசலில் நுழைந்து, பார்த்தபடியே கீழே இறங்கிவிடலாம். காரில் வந்தவர் அடிவாரத்தில் பார்க்கிங் தேட வேண்டும், அப்புறம் ஏற வேண்டும்.

ஓட்டுவது நமக்குச் சிரமமில்லை. அங்கேயும் இடப்பக்கப் போக்குவரத்துதான்; நம் ஊரிலேயே ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் டிராம் ஓடும் தெருவில் சிக்னலைக் கவனியுங்கள்: சிவப்புக்குக் கீழே மஞ்சள் அம்புக்குறி எரிந்தால் அது டிராமுக்கு மட்டும். முதல் தடவை எனக்கென்று நினைத்து பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டேன். காசு போட்டு நிறுத்தும் இடங்களில் இன்னொரு வேடிக்கை. வண்டியை விட்ட சில நிமிடங்களில் அடியில் ஓர் இரும்புத் தகடு மெல்ல எழுந்து நிற்கும். இயந்திரத்தில் இட எண்ணை அழுத்திக் கட்டினால்தான் அது படுக்கும்.

சரி, கார் எதற்கு? சோதோமே என்ற கடலோரப் பகுதிக்கு. வடமேற்கே 202-ஆம் நெடுஞ்சாலையில் சுமார் ஒரு மணி நேரம், கடலைப் பார்த்துக்கொண்டே போகிற பாதை. ஜப்பானில் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் கிறிஸ்தவர்கள் மறைந்து வழிபட்ட கிராமங்கள் இங்கே இருக்கின்றன. 2018-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அங்குள்ள ஷிட்சு தேவாலயத்தை 1882-இல் கட்டிய பிரெஞ்சுப் பாதிரியார் தெ ரோ, பிழைப்புக்கு வழியில்லாத பெண்களுக்கு நூடுல்ஸ் செய்யவும் கற்றுத்தந்தார். அவர் பெயரிலேயே சோமென் நூடுல்ஸ் இன்றும் விற்கிறார்கள். பஸ் உண்டு, நடுவில் மாற வேண்டும், அதைப் பிடிக்கப் போய் பாதி நாள் போய்விடும்.

333 மீட்டர் உயர இனாசா மலையின் இரவுக் காட்சிக்கு கார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரிதான். கார் இல்லாதவர்களுக்கு ரோப்வே இருக்கிறது.

ஆறு மணி நேர வாடகை பரவலாகக் கிடைக்கிறது. டிசம்பரில் ஐந்தேகாலுக்கே சூரியன் மறைவதால் சோதோமேவில் அஸ்தமனம் பார்த்துவிட்டு இனாசாவுக்கும் ஏறலாம். ஜூனில் ஏழரை ஆகிவிடும். அப்போது இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள், பல வாடகை நிலையங்கள் எட்டு மணிக்கே மூடிவிடும். டேங்க் நிரப்பிய ரசீதையும் கேட்பார்கள்.